கையெழுத்துக்குக் கீழே பதினாலு மில்லி

லேசர் மட்டக் கருவி பார்ப்பதற்கு ஒன்றும் பிரமாதமாக இருக்காது. சின்னத் தண்ணீர்க் குடத்தின் அளவு, மஞ்சள் உடம்பு, மேலே கண்ணாடி போட்ட தலை. முக்காலியில் ஏற்றிப் பொத்தானை அழுத்தினால் எடுத்த எடுப்பில் வேலையைத் தொடங்கிவிடாது. உள்ளுக்குள் மெல்ல முனகும். தான் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்து உட்கார்ந்திருக்கிறோம் என்று பார்த்துத் தன்னைத்தானே நிமிர்த்திக்கொள்ளும். மனிதர்களில் பெரும்பாலோர் ஆயுசு முழுக்கச் செய்யாமல் தள்ளிப்போடும் அந்த வேலையை அரை நிமிடத்தில் முடித்துவிட்டு, அதன் பிறகே தலையைச் சுழற்றும். ரொம்பக் கோணலாக வைத்துவிட்டால் சுழலாது. சிவப்பு விளக்கைச் சிமிட்டிக்கொண்டு நிற்கும். பொய் சொல்வதைவிடச் சும்மா இருக்கலாம் என்பது அதன் கட்சி.

கட்டி முடியாத மாநாட்டு மண்டபத்தில் அதை இயக்கியவர் டைல்ஸ் மேஸ்திரி. அளவுகோலைப் பிடித்தவள் அவர் மனைவி. கோலில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டியிருப்பார்கள். கருவி வீசும் ஒளி பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பெட்டிக்குத் தெரியும். பெட்டி ஒளிக்கு மேலே இருந்தால் படபடவென்று கத்தும், கீழே இருந்தால் விட்டு விட்டுக் கூப்பிடும், சரியாக நேரே வந்தால் ஒரே நீளக் குரலாகப் பாடும். மேஸ்திரி எண்ணைப் பார்ப்பார். அவள் குரலைக் கேட்டே சொல்லிவிடுவாள்.

முதல் நாள் ஜன்னல்களைத் தார்ப்பாயால் மூடி அந்த ஒளியைக் கண்ணால் பார்த்தார்கள். முப்பது மீட்டர் நீள மண்டபத்தின் நான்கு சுவரிலும், தூண்களிலும், சாத்தி வைத்த ஏணியிலும், மேஸ்திரியின் சட்டைப் பையிலும் ஒரே சிவப்புக் கோடு, முடி இழை மாதிரி. அவள் வாயைத் திறந்தபடி நின்றாள்.

"என்னங்க, இந்தக் கோடு எங்க போய் முடியும்?"

"சுவத்துல."

"சுவர் இல்லன்னா?"

மேஸ்திரி யோசித்தார். "சுவர் இல்லாத எடத்துல நமக்கு என்ன வேலை?"

அன்றைக்கு வேலை, வெளியே சாலையோரம் உயரம் குறித்துப் பதித்திருந்த மட்டக்கல்லிலிருந்து உயரத்தைக் கொண்டுவந்து தூண்களில் கோடு போடுவது. தரை இன்னும் போடவில்லை. போட்டு முடிக்கும்போது அதன் மேல்பரப்பு இந்தக் கோடுகளுக்குச் சரியாக ஒரு மீட்டர் கீழே வர வேண்டும். நான்கு தூண்களில் கோடு போட்டாகிவிட்டது. அப்போதுதான் தலைமைப் பொறியாளர் வந்தார், பின்னால் ஒரு கேமராக்காரரோடு.

அவருக்கு வேலையிடத்தில் வழங்கிய பெயர் மில்லிமீட்டர். "ஒரு மில்லிமீட்டர் கூட விடமாட்டேன்" என்று சொல்லாமல் அவர் எந்தப் பேச்சையும் முடித்ததில்லை. பின்னாலேயே வந்த சூப்பர்வைசருக்கு வழங்கிய பெயர் ஆமாஞ்சாமி. அதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

"ஒரு கோடு நான் போடறேன்" என்றார் மில்லிமீட்டர்.

தூண்கள் சொரசொரவென்று சிமென்ட் தூசியாக இருந்தன. அவர் சட்டை வெள்ளை. சுற்றிப் பார்த்தவர் கண்ணில், தலைவாசலில் அன்று காலைதான் தச்சர் நிறுத்தியிருந்த தேக்குக் கதவு நிலை பட்டது. பளபளவென்று இருந்தது; படத்திலும் நன்றாக விழும். மேஸ்திரியின் மனைவி கோலைப் பிடித்துக்கொண்டே தயங்கினாள்.

"சார், அது சும்மா ஆப்பு வச்சு நிறுத்தியிருக்கு. இன்னும் கெட்டியாகல."

"சார் கெட்டின்னா கெட்டிம்மா" என்றார் ஆமாஞ்சாமி.

பெட்டி நீளக் குரலில் பாடிய இடத்தில் மில்லிமீட்டர் பேனாவால் ஒரு கோடு இழுத்தார். கோட்டின் மேல் ஊஞ்சல் கட்டி ஆடும் அளவுக்குப் பெரிய ஒரு கையெழுத்தைப் போட்டார். தேதியும் எழுதினார். "இந்தக் கட்டடத்தோட முதல் மட்டம் இதுதான். இனிமே எல்லா அளவும் இதுலேர்ந்துதான்" என்று கேமராவிடம் சொன்னார். கையெழுத்தின் மேல் பிளாஸ்டிக் தாள் ஒட்டப்பட்டது. சுற்றிலும் பொருத்துவதற்குப் பித்தளைச் சட்டம் ஒன்றுக்கு ஆமாஞ்சாமி அன்றே சொல்லிவிட்டார்.

அந்த நேரத்தில் அந்தக் கோடு சரியான கோடுதான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த பதினேழு நாள் மேஸ்திரி தூண் கோடுகளை வைத்துக்கொண்டு கல் பாவினார். மேசையின் பாதி அகலத்துக்கு ஒவ்வொரு வெள்ளைக் கல். அவர் மனைவி கோலோடு பின்னாலேயே வந்தாள். ஒரு கல் வைத்தால் மூன்று இடத்தில் பாட வேண்டும். பாடாத கல்லை மேஸ்திரி தூக்கிவிட்டு, அடியில் கலவையைச் சரிசெய்து மறுபடி வைப்பார். முழங்கால் இரண்டும் மரத்துப்போய், ராத்திரி படுக்கையில் அவர் கால் நீட்டும்போது வரும் சத்தத்துக்கு அவள் "பாடுது" என்பாள். முடிந்த தரையில் ஒரு முனையில் தண்ணீர் ஊற்றியபோது அது எந்தப் பக்கமும் போகத் தெரியாமல் அங்கேயே உட்கார்ந்தது. பூச்சுக்காரர்கள் வந்து தூண்களைப் பூசி, கோடுகளை மூடிவிட்டுப் போனார்கள். வேலை முடிந்தது என்றுதான் மேஸ்திரி நினைத்தார்.

பதினெட்டாம் நாள் மதியம் மில்லிமீட்டர் சோதனைக்கு வந்தார்.

கருவியைத் தானே நிறுத்தினார். முக்காலியின் ஒரு காலை நீட்டினார், இன்னொன்றை மறந்துவிட்டார். கருவி முனகிப் பார்த்துவிட்டுச் சிவப்பு விளக்கைச் சிமிட்டியது.

"பேட்டரி வீக்" என்றார்.

"ஆமா சார், பேட்டரி வீக்" என்றார் ஆமாஞ்சாமி.

மேஸ்திரியின் மனைவி எதையோ எடுக்கப்போவது போலக் குனிந்து, நீளாமல் கிடந்த காலை நீட்டி விட்டாள். கருவி நிமிர்ந்தது, சுழன்றது.

"பாத்தீங்களா, அதட்டினாத்தான் கேக்குது."

கோலின் ஒரு மீட்டர் கோட்டைத் தன் கையெழுத்துக் கோட்டோடு சேர்த்துப் பிடிக்கச் சொல்லி, பெட்டியைக் கோலில் நகர்த்தி, அது நீளமாகப் பாடும் இடத்தில் இறுக்கினார். பிறகு கோலைத் தரையில் ஊன்றச் சொன்னார். தரை சரியாக இருந்தால் பெட்டி அங்கேயும் அதே குரலில் பாட வேண்டும்.

பாடவில்லை. விட்டு விட்டுக் கூப்பிட்டது.

இன்னொரு இடம். அதே குரல். மூலை, நடு, மேடை ஓரம் என்று பதினோரு இடத்தில் ஊன்றினார்கள். பதினோரு இடத்திலும் தரை பதினாலு மில்லிமீட்டர் இறங்கியிருந்தது.

"பதினாலு" என்றார் மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பிடிக்க வந்தவருக்குப் பதினாலு கிடைத்ததில் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து போனது. "நாளைக்குக் காலைல தலைமை அலுவலகத்துலேர்ந்து விருந்தாளிங்க வராங்க. அவங்க முன்னாடி நானே இதை அளந்து காட்டப்போறேன். நம்ம தரக்கட்டுப்பாடு எப்படின்னு அவங்களும் பாக்கட்டும். காட்டி முடிச்சதும் முழுத் தரையையும் உடைச்சு எடுக்கறோம்."

"சார், தூண்ல இருந்த கோட்டுக்குத்தான்..."

"எந்தத் தூண்? எங்க கோடு?" என்று வெள்ளையாகப் பூசிய தூண்களைக் காட்டினார். "இருக்கறது ஒரே கோடு. என்னோடது."

மாலை நான்கு மணிக்கு உடைக்கும் இயந்திரம் வந்து இறங்கியது. ஆமாஞ்சாமி அதை மண்டபத்தின் மூலையில், தரையில் கீறல் விழாமல் இருக்க ஒரு சாக்கு விரித்து, அதன் மேல் வைத்தார். நாளை உடைக்கப்போகிற தரை.

மேஸ்திரி தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பாவிய கல்லை முழுசாகப் பெயர்க்க முடியாது. ஒவ்வொன்றும் துண்டாகத்தான் வரும். அதைவிட, பதினாலு மில்லி தப்பாகத் தரை போட்டவன் என்ற பேச்சு வேலையிடம் வேலையிடமாகத் தனக்கு முன்னே போய்ச் சேரும். அவர் வாழ்நாளில் யாரிடமும் பெருமை பேசியதில்லை. பேசாமல் சேர்த்து வைத்த அவ்வளவும் இந்தத் தரையில் கிடந்தது.

அவர் மனைவியின் அண்ணன்தான் தச்சர். செய்தி கேட்டு உளியும் கையுமாக ஓடிவந்தார்.

"என்ன மாப்ளே, தரையைப் பள்ளமா போட்டுட்டியாம்?"

"நீயுமா மச்சான்?"

"ஊரே சொல்லுது. நான் மட்டும் சொல்லாம இருந்தா உறவுன்னு எப்படித் தெரியும்?"

"அண்ணே, சும்மா இரு" என்றாள் தங்கை. அவள் கோலின் மேல் சாய்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பதினோரு எடம். எல்லாத்துலயும் பதினாலு. ஒரு எடத்துல பதிமூணு கூட இல்ல. தப்பா போடறவங்களால இவ்வளவு ஒழுங்கா போட முடியுமா?"

இரு ஆண்களும் அவளைப் பார்த்தார்கள்.

"தரை சரி. மெஷின் சரியான்னு பாத்துடலாம்."

அதற்கு ஒரு வழி உண்டு. மண்டபத்தின் ஒரு சுவருக்குப் பக்கத்தில் கருவியை நிறுத்தி, இருபது மீட்டர் தள்ளி எதிர்ச்சுவரில் ஒளி விழும் இடத்தைப் பென்சிலால் குறித்தார்கள். பிறகு முக்காலியில் கருவியை அப்படியே முகம் திருப்பி வைத்தார்கள். கருவிக்குள் ஏதாவது கோணல் இருந்தால், இப்போது அது எதிர்ப்பக்கம் காட்டிக்கொடுக்கும். இரண்டாவது கோடு முதல் கோட்டை விட்டு விலகி விழும். மேஸ்திரி தார்ப்பாயை இழுத்து மூடினார். கருவி முனகியது, நிமிர்ந்தது, சுழன்றது. எதிர்ச்சுவரில் சிவப்புக் கோடு பென்சில் கோட்டின் மேல் வந்து படுத்தது. பென்சில் கோடு காணாமல் போனது.

தச்சர் உளியைக் கீழே வைத்தார். ஆயுதத்தோடு நிற்கக் கூடாத இடத்தில் நிற்பது போலத் தோன்றியிருக்க வேண்டும்.

"இது எதைப் பாத்து இப்படிச் சொல்லுது?" என்றார் மெதுவாக.

"எதையும் பாக்கல அண்ணே. கீழ எதுன்னு அதுக்குத் தெரியும். அவ்வளவுதான்."

தரை சரி, கருவி சரி. தப்பாக இருப்பதற்கு மூன்றாவதாக ஒரே ஒரு பொருள்தான் மிச்சம். மூன்று பேரும் ஒரே நேரத்தில் தலைவாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். பிளாஸ்டிக் தாளுக்குப் பின்னாலிருந்து கையெழுத்து அவர்களைப் பார்த்தது.

பக்கத்துச் சாமான் அறைக்குள் ஒரு தூண் இருந்தது. பூச்சுக்காரர்கள் அதை மறந்திருந்தார்கள். முதல் நாள் போட்ட கோடு அதில் அப்படியே இருந்தது. கதவு வழியாக ஒளியை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். தூண் கோட்டுக்கும் தரைக்கும் சரியாக ஒரு மீட்டர். கையெழுத்து மட்டும் அதற்குப் பதினாலு மில்லி மேலே.

"மரம் வளந்துடுச்சா?" என்றார் மேஸ்திரி.

தச்சர் போய் நிலையின் காலடியைத் தடவிப் பார்த்தார். "மாப்ளே, ஒம்பதாம் நாள் நீதானே சொன்ன? கல்லு வாசல் வரைக்கும் வந்துடுச்சு, நிலைக்கு அடியில கல்லு போகணும், கொஞ்சம் தூக்கி விடு மச்சான்னு."

"சொன்னேன்."

"ஆப்பை அடிச்சுத் தூக்கினேன். கல்லு நழுவி உள்ள போச்சு. நிலையை ஸ்க்ரூ போட்டு இறுக்கிட்டேன். அப்புறம் நாம டீ குடிச்சோம்."

நிலையோடு கையெழுத்தும் ஏறிவிட்டது. தினமும் அந்த வாசல் வழியாகத்தான் மூவரும் போனார்கள், வந்தார்கள். அதன் மேல் பிளாஸ்டிக் தாள் இருந்ததால் அது அளவு என்பதே மறந்து, படம் என்று ஆகிவிட்டது.

மேஸ்திரி எழுந்தார். "நான் போய்ச் சொல்லிடறேன். உள்ளதுதானே."

வாசலில் ஆமாஞ்சாமி நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. "என்னன்னு சொல்லுவீங்க மேஸ்திரி? உங்க கையெழுத்து நகந்துடுச்சு சார்னா? பித்தளைச் சட்டம் வந்து என் மேசைல இருக்கு. 'முதல் மட்டம்'னு செதுக்கியாச்சு. இதை அவர்கிட்ட சொல்ற வாய் இன்னும் பொறக்கல." பிறகு, அவருக்குப் பழக்கமில்லாத ஒரு காரியத்தைச் செய்தார். தன் சொந்தக் கருத்தைச் சொன்னார். "தரை நல்லாத்தான் இருக்கு. உடைக்கப் பாவமா இருக்கு."

"தரையை ஏத்தணும்னுதானே சார் சொல்றார்?" என்றாள் மேஸ்திரியின் மனைவி.

"ஆமா."

"ரெண்டும் ஒண்ணு சேந்தா போதும்ல? தரை ஏற முடியாது. கையெழுத்தை இறக்கிடலாமா?"

ஆமாஞ்சாமி ஆமாம் என்று சொல்லவில்லை. ஆனால் வாசலை விட்டு விலகி, இருட்டும் வரை யாரும் உள்ளே வராதபடி வெளியே போய் நின்றுகொண்டார்.

நல்ல தேக்கை வெட்டத் தச்சருக்கு மனசு வரவில்லை. "பன்னெண்டு நாள் இழைச்சேன் தங்கச்சி."

"அவர் பதினேழு நாள் முட்டி போட்டார் அண்ணே."

மேஸ்திரி மிச்சமாகிக் கிடந்த கல் துண்டுகளைப் புரட்டிப் பதினாலு மில்லி கனத்துக்கு ஒன்றைத் தேடி எடுத்தார். அதைத் தரையில் வைத்து, அதன் மேல் ரம்பத்தைப் படுக்கப் போட்டு, தச்சர் நிலையின் இரண்டு காலையும் அறுத்தார். எண்ணெய் வாசனையோடு தேக்குத் தூள் வெள்ளைக் கல்லின் மேல் உதிர்ந்தது. திருகாணிகளைக் கழற்றினார்கள். மூவரும் தோள் கொடுத்து, தூங்குகிற குழந்தையைப் படுக்க வைப்பது போல நிலையைக் கீழே இறக்கினார்கள். அவள் கோலைக் கையெழுத்துக்கு நேரே பிடித்தாள். பெட்டி படபடவென்று கத்தியது, தயங்கியது, பிறகு நீளமாகப் பாடியது.

கட்டட வரலாற்றில் தலைமைப் பொறியாளர் ஒருவரின் கையெழுத்தை இறக்குவதற்கு இத்தனை துல்லியம் செலவானது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

மறுநாள் காலை விருந்தாளிகள் ஒன்பது பேர் வந்தார்கள். மில்லிமீட்டர் முதலில் கையெழுத்தைக் காட்டினார். பித்தளைச் சட்டத்தைக் காட்டினார். மூலையில் இருந்த உடைக்கும் இயந்திரத்தையும் காட்டினார். "இங்க ஒரு மில்லிமீட்டர் கூட விடறதில்ல. எப்படின்னு இப்பப் பாருங்க" என்று கருவியை ஓடவிட்டார். கையெழுத்தில் பெட்டியை இறுக்கினார். கோலைத் தரையில் ஊன்றச் சொன்னார்.

மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டார்.

பெட்டி ஒரே நீளக் குரலில் பாடியது.

மில்லிமீட்டர் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். வேறு இடம். அதே பாட்டு. மூலை, நடு, மேடை ஓரம். பதினோரு இடத்திலும் அந்தக் குரல் துளி நடுங்காமல் வந்தது. விருந்தாளிகள் காத்திருந்தார்கள். அவர் கழுத்தில் வியர்வை புறப்பட்டது. ஆனால் பெரிய பதவிகளுக்கு வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை.

"நேத்து இந்தத் தரை பதினாலு மில்லி இறங்கியிருந்தது" என்றார். "நான் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன். இன்னிக்குப் பாருங்க."

ஒன்பது பேரும் கை தட்டினார்கள். முப்பது மீட்டர் கல் தரை ஒரே ராத்திரியில் பதினாலு மில்லிமீட்டர் எழுந்து நின்றது எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. தச்சர் இருமிக்கொண்டே தூணுக்குப் பின்னால் போனார்.

விருந்தாளிகளில் ஒரு முதிய அம்மையார் மட்டும், "அந்த ஒளியைக் கண்ணால பாக்க முடியுமா?" என்று கேட்டார்.

மேஸ்திரியும் மனைவியும் தார்ப்பாய்களை இழுத்து மூடினார்கள்.

மண்டபத்தைச் சுற்றி, எங்கேயும் அறுபடாமல், அந்தச் சிவப்பு இழை ஓடியது. சுவர்களைத் தொட்டது, தூண்களைத் தொட்டது, ஒன்பது விருந்தாளிகளின் உடம்பையும் ஒரே உயரத்தில் தொட்டது. குட்டையானவருக்கு மார்பில் விழுந்தது. நெட்டையானவருக்கு இடுப்புப் பட்டையில். யார் எந்தப் பதவி என்று அது விசாரிக்கவில்லை. கீழே வெள்ளைத் தரையில் அதன் நிழல் போல இன்னொரு சிவப்பு, தண்ணீருக்குள் தெரிவது மாதிரி. மேஸ்திரி தன் தரையை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்ப்பவர் போல நின்றார். பதினேழு நாள் முட்டி போட்டு, ஒவ்வொரு கல்லாகத் தான் பாவியது இந்த அமைதியைத்தானா என்று இருந்தது அவருக்கு. அம்மையார் கையை நீட்டி, கோட்டைத் தன் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார்.

கோட்டைத் தொடர்ந்து மில்லிமீட்டரின் கண் தலைவாசலுக்குப் போனது; நிலையின் மேல் ஏறியது. இருட்டில், நிலைக்கும் அதற்கு மேலே இருந்த சுவருக்கும் நடுவில், வெளி வெளிச்சம் ஒரு மெல்லிய கீற்றாக உள்ளே வந்துகொண்டிருந்தது. நேற்று அந்தக் கீற்று இல்லை. அவர் அதையே பார்த்தார். பிறகு நிலையின் காலடியைப் பார்த்தார். கல் இடுக்கில், பெருக்கியும் போகாத ஒரு சிட்டிகைத் தேக்குத் தூள்.

மேஸ்திரியின் மனைவி கோலை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அவர் நடந்து அவளருகில் வந்தார். கருவி அவர் சட்டையின் நடுப் பொத்தானில் ஒரு சிவப்புக் கோட்டைப் போட்டது. அவர் அதைக் குனிந்து பார்த்தார். விருந்தாளிகளுக்குக் கேட்காத குரலில், இவ்வளவு நாளில் யாரும் அவரிடம் கேட்டிராத ஒரு குரலில், சொன்னார்.

"நிலைக்கு மேல ஒரு பட்டை அடிச்சு மூடச் சொல்லுங்கம்மா. பதினாலு மில்லி இருக்கும்."

"சரிங்க சார்."

"அந்த மெஷினையும்..." என்று மூலையைக் காட்டினார். "திருப்பி அனுப்பிடுங்க."

ஆமாஞ்சாமி "ஆமா சார்" என்று சொல்ல வாயைத் திறந்தார். சொல்லவில்லை. இருட்டில் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு அவரும் நின்றார். தார்ப்பாயைத் திறக்கச் சொல்ல வேண்டும் என்று கொஞ்ச நேரம் யாருக்குமே தோன்றவில்லை.